பீரோவுக்கு அடியில்

மழைக்கு ஒதுங்கிய பூனை பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தது. அன்று குழம்பில் உப்பு இல்லையென்று பரமசிவம் தட்டை வீசியதும் அவன் மனைவி வளர்மதி முதல்முறையாக வாய் திறந்தாள். "சத்தம் போடாதீங்க. பூனை மிரளுது." அவன் குனிந்து பார்த்தான். இருட்டுக்குள் இரண்டு கண்கள் தெரிந்தன. அடுத்து எறிய எடுத்த டம்ளரை ஓசையில்லாமல் கீழே வைத்தான். மறுநாள் கதவை உதைக்காமல் கையால் திறந்தான். பூனைக்குக் கருவாடு வாங்கிவந்து, தரையில் உட்கார்ந்து, "வா சாமி, ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றான். அந்தக் குரலை வளர்மதி அதுவரை கேட்டதில்லை. அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மழை விட்டதும், அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பூனை ஜன்னல் வழியாகப் போய்விட்டது. அவள் சொல்லவில்லை. தினமும் அவன் வைக்கும் கருவாட்டை எடுத்துத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு, காலித் தட்டை பீரோவுக்கு அடியிலேயே வைக்கிறாள். இன்றும் அவன் தரையில் உட்கார்ந்து நெடுநேரம் இருட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே கிசுகிசுத்தான். "இவ்வளவு நாளாச்சு. இன்னுமா பயம் போகல?"

"இன்னும் போகலைங்க" என்றாள்.