கிணற்றடிச் செடி

“விரதம் பிடிக்கிற மனிசி வளர்க்கிற செடியைப் பாருங்கோ, விதானையார். கஞ்சா!”

பக்கத்து வீட்டு நாகேஸ்வரி கிணற்றடியைக் காட்டினாள். வாழைகளுக்கு நடுவில் அந்தச் செடி ஆளுயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது.

போதைப்பொருளை நாடு முழுவதும் ஒழிக்க அரசாங்கம் புதுத் திட்டம் கொண்டுவந்திருந்தது. ஊருக்கு ஊர் ஒரு குழு. இந்த ஊரில் கிராம அலுவலரான விதானையார் சோமசேகரம் தலைவர், நாகேஸ்வரி செயலாளர்.

“கனகாம்பிகையக்கா, இது என்ன செடியெண்டு தெரியுமோ?” விதானையார் வீட்டுக்காரியைக் கேட்டார்.

“ஓம் தம்பி, தெரியும்.”

“ஆர் நட்டது?”

“என்ரை மகன். அவன் வீட்டைவிட்டுப் போன பிறகு நான்தான் தண்ணி வாக்கிறன்.”

அந்தப் பெரிய வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான்.

“கேட்டியளே கதையை!” நாகேஸ்வரி கையைத் தட்டினாள். “பெடியன் கொடிகாமச் சந்தையிலை விழுந்து கிடக்கிறான். அவனைக் கெடுத்த சாமானுக்கு இவ தண்ணி வாக்கிறா. நல்ல தாய்!”

கனகாம்பிகை விதானையார் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, இதைப் பிடுங்காமல் விட ஏலாதோ? நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை.”

“சட்டம், அக்கா. உங்களைப் பொலிசிலை குடுக்காமல் விடுறதே பெரிசு.”

“உந்தத் திட்டத்திலை, என்ரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து தர ஏதும் வழி இருக்கோ?”

விதானையார் வேட்டியை மடித்துக் கட்டினார். “அதெல்லாம் பிறகு வரும், அக்கா.”

செடியை வேரோடு இழுத்தார்.

அதன் மறைவில், வாழையிலையால் மூடிய ஒரு சோற்றுக் கோப்பை இருந்தது.

“புரட்டாதிச் சனியெல்லே, காகத்துக்கு வைச்சிருக்கிறா போலை” என்றபடி நாகேஸ்வரி இலையைத் தூக்கினாள்.

சோற்றின்மேல் பொரித்த மீன்.

“ஐயோ! சனி விரதத்திலை மீனோ? காகத்துக்கு ஆரும் மீன் வைப்பினமே? அக்கா, உங்களுக்கென்ன விசரோ?”

கனகாம்பிகை குனிந்து கோப்பையை எடுத்தாள். சோற்றில் தெறித்திருந்த மண்ணை விரலால் ஒதுக்கினாள்.

“அவன் என்னைப் பாக்க வாறேல்லை, பிள்ளை. நான் வீட்டிலை இல்லாத நேரம் பாத்து, இலை பிடுங்கத்தான் வேலியாலை வாறவன். வந்தால், இந்தச் சோத்தையும் திண்டிட்டுப் போவான்.”