கடைசி ரோப் கார்

"ரேட்டோ, கடைசி ரோப் கார் அஞ்சரைக்கு. இப்பவே மணி அஞ்சு பத்து."

"அதுக்கென்ன இப்ப? இன்னொரு துண்டு வால்நட் கேக் சொல்லவா?"

மலையுச்சி விடுதியின் சாப்பாட்டு மேஜையில் உர்சினா கரண்டியைக் கீழே வைத்தாள். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். சொன்ன புருஷனோ நாற்பத்தோரு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்தன்று பாதிரியார் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டே போனபோது, மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றபடி கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டிய மகானுபாவர்.

அந்த மலைச்சீமையில் புருஷன் குடித்துவிட்டு வந்தால் பெண்டாட்டி கத்துவாள். நேரம் தவறி வந்தால் டாக்டருக்குப் போன் போடுவாள். உர்சினா போட்டே விட்டாள். வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்டி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். ரேட்டோவிடம் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஒரு மாதமாகவே ஆள் சரியில்லை. முதலில் பஸ்ஸை விட்டார். "கண்ணு முன்னாடியே போயிருச்சு" என்று சிரித்துக்கொண்டு வந்து நின்றார். அப்புறம் பாட்டுக் குழு ஒத்திகைக்குக் கால் மணி நேரம் தாமதம். போன வாரம் இன்னும் மோசம். மகள் வீட்டுக்குக் கிளம்பியவர், பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தபடியே ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். முகமெல்லாம் வியர்வை, இரண்டு கையும் பெஞ்சை இறுகப் பிடித்திருந்தன என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள்.

மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் நேரம் மறந்தது, பிறகு வீட்டுக்கு வழி மறந்தது, கடைசியில் பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோயிற்று. அதனால்தான் "மூணு நாள் மலைக்குப் போயிட்டு வரலாமா?" என்று ரேட்டோ கேட்டதும் மறுபேச்சில்லாமல் கிளம்பினாள். மனிதருக்கு நினைவு இருக்கும்போதே சேர்ந்து சுற்றிவிட வேண்டும். வரும்போது ரயிலில் அவர் கையை அவள் விடவே இல்லை.

"ரேட்டோ, நம்ம கல்யாணம் என்னைக்கு?"

"என்ன இது, போலீஸ் விசாரணையா?"

"கேட்டதுக்குச் சொல்லேன்."

"உங்கம்மா என்னைப் பாத்து மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்ட நாளு."

"தேதி சொல்லு!"

"ஜூன் பதினாலு. கேக்கைச் சாப்பிடு."

அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அதற்குள் விடுதிக்கார அம்மாள் அனெட்டா வாசலில் நின்று, "கடைசி வண்டி! இன்னும் பத்தே நிமிஷம்!" என்று குரல் கொடுத்தாள். மொத்தக் கூட்டமும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ரேட்டோ மட்டும் அசையவில்லை.

"எந்திரி ரேட்டோ! துணிமணியெல்லாம் கீழ ஹோட்டல்ல கிடக்கு. இங்க மாட்டிக்கிட்டா என்ன பண்றது?"

"வரேன், வரேன். பாத்ரூம் போயிட்டு ஒரு நிமிஷத்துல வந்துடறேன்."

ஒரு நிமிஷம் ஐந்து நிமிஷமாயிற்று. ஆளைக் காணோம். உர்சினா பாத்ரூம் கதவைத் தட்டினாள், காலி. பதறிப்போய் விடுதியைச் சுற்றி ஓடினாள். பின்பக்கம், பள்ளத்தாக்கைப் பார்த்த கம்பி வேலியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் ரேட்டோ. கண்கள் மூடியிருந்தன. அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை.

"ரேட்டோ! வண்டி!"

மணி அடித்தது. ரோப் கார் ஒரு குலுங்கு குலுங்கிக் கீழே இறங்கத் தொடங்கியது. ரேட்டோ கண்ணைத் திறந்து, "போயிருச்சா?" என்று கேட்டார், சின்னப் பிள்ளை போல.

அவ்வளவுதான். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது. உர்சினா அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"நீ பயப்படாத. எனக்கு எல்லாம் தெரியும். உங்கப்பாவுக்கு வந்ததுதானே? வந்தா வரட்டும்! நீ என் பேரை மறந்தாலும் தெனமும் காலைல நான் புதுசாச் சொல்லித் தரேன். டாக்டர்கிட்ட நேரம்கூட வாங்கிட்டேன்."

"டாக்டரா? யாருக்கு, எனக்கா? ஐயோ, அழாத உர்சினா! இது என்னடா வம்பாப் போச்சு!"

அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே அனெட்டா சாவியுடன் வந்தாள். "பதினோராம் நம்பர் ரூம், கிழக்கு பாத்த ஜன்னல். ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லி வச்சீங்களே சார். அம்மாகிட்ட நான் மூச்சு விடலை."

உர்சினா அழுகையை நிறுத்திவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"கல்யாணமான புதுசுல இங்க வந்தோமில்ல?" என்றார் ரேட்டோ தயங்கித் தயங்கி. "ஒரே ஒரு ராத்திரி தங்கி, சூரியன் உதிக்கறதப் பாக்கணும்னு அப்படிக் கெஞ்சினே. காலைல ஆறு மணிக்கு டூட்டின்னு உன்னைத் தரதரன்னு இழுத்துட்டுப் போனேன். அது மனசை அறுத்துக்கிட்டே இருந்துது. அதான் இந்தத் தடவ, உன்கிட்ட சொல்லாம, கடைசி வண்டிய விட்டுரணும்னு..."

"பாவி மனுஷா!" அவர் நெஞ்சில் நாலு குத்து விழுந்தது. "என் உயிரே போயிட்டு வந்துதே! அப்ப அந்த பஸ்? பாட்டு ஒத்திகை? போன வாரத்து ரயில்? அதெல்லாம் என்ன?"

ரேட்டோ அசடு வழியச் சிரித்தார்.

"வண்டி கிளம்பற நேரமானா என் காலு தானா எந்திரிச்சு ஓடுது உர்சினா. நாப்பத்தோரு வருஷப் பழக்கம் ஒரே நாள்ல போயிருமா? அதான் ஒரு மாசமா வண்டியத் தவறவிட ஒத்திகை பாத்துட்டிருந்தேன்."