விற்ற வீணை

கொச்சி மட்டாஞ்சேரியில், குடியை விட்டவர்கள் கூடும் அறை அது. உள்ளே பேசியது வெளியே போகக்கூடாது என்பது விதி.

சீரியலில் குடியிலிருந்து மீளும் நாயகனாக நடிக்கும் வெங்கிடேஷ் எழுந்தார். "நான் குடிச்சுண்டிருந்த காலத்துல, எம் பொண்ணோட…"

"வீணைய வித்துக் குடிச்சீங்க, அதானே?" என்று சீறினார் செயலாளர் வேலன். "அதெல்லாம் உங்க சீரியல் கதை! இங்க வந்து அபிநயிக்க வேணாம் சேட்டா. எறங்கிப் போங்க!"

புதிதாகச் சேர்ந்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

வெங்கிடேஷ் வேலன் பக்கம் திரும்பினார்.

"மூணு வருஷம் முன்னாடி இதே ரூம்ல நான் அழுதுண்டே சொன்னதைக் கேட்டவா உன்னையும் சேத்துப் பத்துப் பேர். வீணைய வித்தது நான். என் கதைய சீரியலுக்கு வித்தது எவன்னு தேடித்தான் வந்தேன், வேலா. வீணை சீன் நாளைக்குத்தான் டிவியில வரப்போறது."