விசிறி நின்ற சனிக்கிழமை

“இன்னும் கொஞ்சம் சத்தம் கேக்குதே,” என்றாள் நவமணி.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த அர்ஜுனன் காதைத் தீட்டிக் கேட்டான். கூடத்தில் அவளுடைய அம்மா நல்லம்மாள் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ப் படத்தைத் தாண்டி, மெல்லிய ‘ம்ம்ம்’ ஒன்று பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

“பின்பக்க ஃபேன்தான். இன்னிக்கு அதையும் அடக்கிடறேன்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அது அடங்கிவிட்டால், பாயான் பாருவில் இருக்கும் நவமணியின் வீட்டுக்கு வர அவனுக்கு வேறு காரணம் இல்லை.

அர்ஜுனனுக்குச் சூலியா தெருவில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை. வயது நாற்பத்திரண்டு. மனைவி இறந்து ஆறு வருஷம். ஐந்து வாரத்துக்கு முன்னால் நவமணி கடைக்கு வந்து கேட்டது, யாரும் அவனிடம் கேட்டிராத வேலை: கம்ப்யூட்டரின் சத்தத்தை நிறுத்த வேண்டும்.

“எல்லாரும் ஸ்பீடைக் கூட்டித் தரச் சொல்லுவாங்க,” என்று அவன் சிரித்தான்.

“எனக்கு ஸ்பீடு வேணாம்லா. கோயில் மலருக்கு டைப் அடிக்கிறேன், அவ்வளவுதான். ஃபேன் சத்தம்தான் தாங்கல. நிப்பாட்ட முடியுமா?”

“முடியும். சிப்போட ஸ்பீடைக் குறைச்சு, அதுக்குப் போற வோல்ட்டையும் குறைச்சா சூடு ஏறாது. சூடு இல்லன்னா ஃபேன் எதுக்கு? ஆனா ஒரேயடியா இறக்கினா ஹேங் ஆயிடும். சனிக்கிழமை சனிக்கிழமை வந்து, கொஞ்சங் கொஞ்சமா இறக்குறேன்.”

அது பொய். மொத்தமும் ஒரு மணி நேர வேலை. ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை. கடைக்கு வரும் பெண்கள் எல்லாரும் அவனை ‘அண்ணே’ என்பார்கள். அவள் மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை. அதுவாக இருக்கலாம்.

முதல் சனிக்கிழமை சிப்பின் வேகத்தை 166 மெகாஹெர்ட்ஸிலிருந்து 133-க்கு இறக்கினான். இரண்டாவது சனிக்கிழமை நூறுக்கு. மூன்றாவது வாரம் வோல்ட்டைக் குறைத்தான். நான்காவது வாரம் சிப்பின் தலையில் சூட்டை இழுக்கிற பெரிய அலுமினியக் கட்டி ஒன்றை உட்கார வைத்துவிட்டு, அதன் மேலிருந்த விசிறியைக் கழற்றினான்.

ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

“இந்தக் குட்டி மூடிதானா ஜம்பர்? பாசிமணி மாதிரி இருக்கு. இதை மாத்தினா ஸ்பீடு குறைஞ்சிருமா?”

அவன் விளக்குவான். மோவாயில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். பேச்சு எங்கெங்கோ போகும். படுக்கையில் கிடந்த அப்பாவைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது கடந்துபோனதை ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். அவன், தன் மனைவியின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. திங்கட்கிழமை கடை திறக்கும்போதே அவன் மனம் சனிக்கிழமையை எண்ண ஆரம்பித்துவிடும்.

இன்று வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தான்: ‘வேலை இல்லாட்டியும் நான் வரலாமா?’

பின்பக்க விசிறியின் ஒயரைக் குறைந்த வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுத்து, மூடியைப் போட்டு, சுவிட்சைத் தட்டினான். திரையில் வெளிச்சம் வந்தது. சத்தம் வரவில்லை.

நவமணி பெட்டியில் காதை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

“ஒண்ணுமே கேக்கல.” அவள் குரலில் சந்தோஷம் இல்லை. “அப்ப அடுத்த சனிக்கிழமை...”

“வர வேண்டியதில்ல,” என்றான் அர்ஜுனன்.

சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, கருவிகளைப் பையில் அடுக்கினான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, “ஒரு கிளாஸ் தே கலக்கட்டா?” என்று மட்டும் கேட்டாள். “வேணாம், கடையில ஆள் இல்ல,” என்று இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

தலைக்கவசத்தை மாட்டி மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது நல்லம்மாள் வாசற்கதவைச் சாத்த வந்தார். படம் முடிந்திருக்க வேண்டும்.

“முடிஞ்சிருச்சா தம்பி?”

“முடிஞ்சிருச்சும்மா. இனிமே சத்தமே வராது.”

“நல்லதுலா. ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்.” அவர் உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எம்மவ பன்னெண்டு வருஷமா ஃபேக்டரியில இந்தச் சிப்பைத்தானே டெஸ்ட் பண்றா? சூடு, ஸ்பீடு, வோல்ட்டு எல்லாம் பாத்து அவ கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய அனுப்புவாங்களாம். வீட்ல இருக்கிற ஒண்ணை மட்டும் அவளுக்குச் சரி பண்ணத் தெரியலையாமா?”

அர்ஜுனன் மோட்டாரை அணைத்துவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றினான்.