முடிச்சு மாஸ்டர்

கன்னத்தில் அறை விழுந்த வேகத்தில் சாரணர் இயக்கச் செயலாளரின் கண்ணாடி பறந்துபோய்க் கூடார மூட்டைகளுக்கு நடுவே விழுந்தது.

அடித்தவர் அவருடைய தங்கையின் கணவர். சாரணர் இயக்கம் முழுவதிலும் முடிச்சு மாஸ்டர் என்றால்தான் அவரைத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கயிறு கட்டுவார். அவர் கட்டியது தானாக அவிழ்ந்ததாக எந்த முகாமிலும் பேச்சில்லை. இன்று அவர் கையில் இளைஞர் படையின் கறுப்புப் பட்டை இருந்தது.

"சாரணன்னா உண்மை பேசணும்னு மேடை மேடையா முழங்குவீங்களே மச்சான். இப்பப் பேசுங்க. முகாம் எங்க?"

"பொய் வந்துடக் கூடாதுன்னுதான் மாப்பிள்ளை வாயத் திறக்கல."

கூட நின்ற படைக்காரன் குட்டையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே துப்பாக்கியின் பிடியால் செயலாளரின் வாயில் இடித்தான். இரண்டு பற்கள் மடியில் விழுந்தன.

இயக்கத்தின் தலைமையகத்தில் சாமான் போட்டுவைக்கும் அறை அது. சுவரில் மாவட்டக் கொடிகள் வரிசையாகத் தொங்கின.

பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு ஒன்று, ரயில்வே பிள்ளைகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று முறைத்துக்கொண்டு திரிந்த மூன்று சங்கங்களை ஒரே கொடியின் கீழ் கொண்டுவருவதற்குள் செயலாளருக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. கலைப்பதற்கு வானொலியில் ஓர் அறிவிப்பு போதுமாக இருந்தது.

போர் வந்துவிட்டது. அவசரமாகப் படை திரட்ட வேண்டுமென்றால், ஏற்கெனவே வரிசையில் நிற்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்.

மற்ற ஊர்ப் பிள்ளைகளை லாரியில் ஏற்றியாகிவிட்டது. காட்டு முகாமில் இருந்தவர்கள் மட்டும் பாக்கி. பொழுது சாய்வதற்குள் அவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் போயிருந்தது.

அதுவரை இந்த இருவரையும் இந்த அறையில் நிறுத்திவைக்க வேண்டும். செயலாளருக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

மாஸ்டர் அவருடைய மணிக்கட்டை மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். குட்டையன் சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கினான். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. செயலாளர் கத்தினார், ஆனால் அந்தக் கத்தலில் எந்த ஊர்ப் பெயரும் இல்லை.

"குறடு எடுத்துட்டு வரலாம் மாஸ்டர். இது மரமண்டை" என்றான் குட்டையன்.

மாஸ்டர் செயலாளரின் கைகளைப் பின்னால் இழுத்து, நாற்காலிக் கம்பியோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். குட்டையன் பக்கத்திலேயே நின்று பார்த்தான். அவனும் பள்ளிக்கூடத்தில் சாரணனாக இருந்தவன்தான்.

"அவுத்துட மாட்டாரே?"

"நான் கட்டுனத நான்தான்டா அவுக்கணும்."

இருவரும் வெளியே போனார்கள்.

வெகுநேரம் கழித்து, மூச்சு நிதானத்துக்கு வந்தபிறகுதான் செயலாளருக்கு உறைத்தது. கயிற்றின் ஒரு முனை அவருடைய உள்ளங்கைக்குள் திணிக்கப்பட்டிருந்தது. மெல்ல இழுத்தார். காலணிக் கயிறு மாதிரி முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிட்டது.

பின்கதவில் தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. திறந்தார். சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. சுவரில் அவருடைய சைக்கிள் சாய்ந்து நின்றது.

காலையில் அதை வாசல் பக்கம்தான் நிறுத்தியிருந்தார். பின்சக்கரம் பஞ்சராகி, உருட்டிக்கொண்டு வந்த சைக்கிள். இப்போது ஒட்டுப் போட்டு, கல் மாதிரி காற்று நிரப்பியிருந்தது.

செயலாளர் ஹேண்டில்பாரைப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது.

தப்ப விடுகிறவன் கதவைத் திறந்து வைப்பான். காற்றுமா அடித்துக் கொடுப்பான்? ஓட விட்டுப் பின்னாலேயே வரப் பார்க்கிறார்கள். வேறு பக்கம் ஓடலாம். ஆனால் தான் அந்த நாற்காலியில் இருக்கும்வரைதான் இவர்கள் இந்த அறையில் இருப்பார்கள். அது காலியானால் அடுத்த நிமிடமே காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள்.

முடிச்சுப் போட்ட மாஸ்டரின் இதே கைதான் சற்று முன்பு தன் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தது என்பதும் நினைவுக்கு வந்தது.

திரும்பிப் போய் உட்கார்ந்தார். கைகளைப் பின்னால் கொண்டுபோய்த் தன்னைத் தானே கட்டிக்கொண்டார். இயக்கத்தில் அதையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு சுற்று வந்தது. அதற்குமேல் ஒடிந்த விரல் ஒத்துழைக்கவில்லை.

முதலில் மாஸ்டர் உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல ஆனது.

திட்டம் பலிக்காத ஏமாற்றம் என்று செயலாளர் நினைத்தார். உதடு கிழிந்திருந்தும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

குட்டையன் குறட்டைத் தட்டிக்கொண்டே நாற்காலிக்குப் பின்னால் போனான். தட்டுவது நின்றது.

"மாஸ்டர், நீங்க மூணு சுத்துல்ல போட்டீங்க?"

மாஸ்டரின் பார்வை பின்கதவுக்குப் போனது.

குட்டையன் பின்கதவை உதைத்துத் திறந்தான். சைக்கிளைப் பார்த்தான். டயரை அழுத்திப் பார்த்தான். பிறகு மாஸ்டரின் கைகளைப் பார்த்தான். பஞ்சர் ஒட்டும் பிசினும் கறுப்பு மசகும் விரல்களில் இன்னும் காயாமல் இருந்தன.

குறட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான். அதைச் செயலாளர் பக்கம் நீட்டவில்லை.

மாஸ்டர் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை.

"காத்து பத்தலையா மச்சான்?"

செயலாளர் வாயைத் திறந்தார். துப்பாக்கி முந்திக்கொண்டது.