எரியாத அடுப்பு

மூன்று நாள் அடுப்பு எரியாத வீடு காலி வீடு, யாரும் குடியேறலாம் என்று அரசாணை வந்ததிலிருந்து, புரோக்கர்கள் தெருத்தெருவாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைத்தான் படித்துத் திரிந்தார்கள்.

துபாயிலிருந்து மகள் வரட்டும் என்று, செத்துப்போன கணவரை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தாள் தமயந்தி. இழவு வீட்டில் யார் உலை வைப்பார்கள்? பக்கத்து வீட்டுச் சோறுதான். மூன்றாம் நாள் மதியமே, பால் காய்ச்சிக் குடியேற ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான் புரோக்கர் தனசேகர்.

"நான் என்னம்மா பண்றது, சட்டம். சாயங்காலத்தோட கெடு முடியுது. உங்க அடுப்பு இன்னும் எரியலையே."

தமயந்தி அவன் கையிலிருந்த பால் சொம்பைப் பிடுங்கினாள். பிணம் கிடக்கும் வீட்டில், ஊரே வாயைப் பொத்திக்கொண்டு பார்க்க, அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கி வழிந்தது.

"எரியுதா? நல்லாப் பாத்துக்கடா. இனி அவருக்குத் தோள் குடுக்க வர்றவன் மட்டும் இந்தப் படி ஏறட்டும்."