உறை பிரியாத குளிர்சட்டை

சாலை போடும் இடத்துக் கொட்டகையில், ஆணியில் உறையோடு தொங்கியது ஒரு குளிர்சட்டை. நனைத்துப் போட்டால் உடம்பைக் குளிர்விக்கும். அதிகாரி வந்தால் காட்டுவதற்கென்று வாங்கியது.

மத்தியானம், தார் ஊற்றும் மாசிலாமணி தள்ளாடி வந்து உட்கார்ந்தார். அவர் கழுத்துத் துண்டு பதறியது. "இவருக்கு வேர்வையே நின்னுபோச்சு. நான் காஞ்சு கிடக்கேன்!"

"வேர்க்கலைன்னா நல்லதுதானே?" என்றது சட்டை.

"ஐயோ, உடம்பு அனலாக் கொதிக்குது! சீக்கிரம் இறங்கி வா."

"நானா எப்படி இறங்குவேன்?"

மாசிலாமணி சரிந்தார். மேஸ்திரி ஓடிவந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். பிறகு அவசரமாக உறையைக் கிழித்து, சட்டையை அவருக்கு மாட்டி ஜிப்பை ஏற்றினார்.

"தண்ணிக் குடம் பக்கத்துலயே இருக்கே, என்னை நனைங்க!" என்று சட்டை கத்தியது.

மேஸ்திரி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.